சாந்தோமிலிருந்து எலியட்ஸ் கடற்கரை வரை

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றை நடைப்பயணத்துக்கென்று ஒதுக்கி வைத்தேன். விடியுமுன் தியாகராய நகரிலுள்ள என் இல்லத்திலிருந்து பேருந்தில் புறப்பட்டுச் சாந்தோம் பேராலயத்தில் காலைத் திருப்பலியில் பங்குகொள்வது. பின்னர் கடற்கரைச் சாலை, மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று மெல்ல நடந்து, மாலையில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி அன்னை திருத்தலத்தில் சிலுவைப்பாதையில் சேர்ந்துகொள்வது. என் வயதுக்கு இது சற்று நீண்ட வழிதான். "பேருந்து இருக்கையில் இந்த வெயிலில் நடப்பானேன்?" என்று இல்லத்தரசி கடிந்துகொண்டாள். காரணத்தைச் சொன்னதும் மறுபேச்சுப் பேசவில்லை. ஒரு குப்பியில் மோர் ஊற்றிக் கொடுத்து வழியனுப்பினாள்.

காரணம் இதுதான். 2025 ஆம் ஆண்டு சூன் மாதம் 28 ஆம் நாள், சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தை அடுத்த மடப்புரம் கோயிலின் காவலாளி அஜித்குமார் என்னும் இளைஞர், காவல்துறையினரின் விசாரணையில் தாக்கப்பட்டு உயிரிழந்தார். காரில் இருந்த நகையைக் காணவில்லை என்று கோயிலுக்கு வந்த ஒருவர் கொடுத்த புகாரே அவ்விசாரணைக்குத் தொடக்கம். நாளிதழில் அச்செய்தியைப் படித்த காலையில் என் கையிலிருந்த காப்பி ஆறிப்போயிற்று. ஏனெனில் எங்கள் வீட்டிலும் ஒருகாலத்தில் ஒரு நகை காணாமற்போனதுண்டு. அக்கதையை அதற்குரிய இடம் வரும்போது சொல்கிறேன். அன்று முதல் என் உள்ளத்தை அரித்துக்கொண்டிருந்த ஒரு கேள்விக்கு விடை தேடியே இந்த நடை.

பேராலய வாயிலில்

சாந்தோம் பேராலயத்தை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அப்போஸ்தலராகிய புனித தோமையாரின் கல்லறைமீது எழுந்த ஆலயம் அது. இன்று வானளாவி நிற்கும் வெண்ணிறக் கட்டடம் 1893 இல் தொடங்கி 1896 இல் நிறைவுற்றது. 1986 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இங்கு வந்து அக்கல்லறை முன் மண்டியிட்டு வேண்டினார்.

கீழே கல்லறைச் சிற்றாலயத்தில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். தோமையாரை நாம் 'ஐயப்பட்டவர்' என்றே நினைவுகூர்கிறோம். அவர் கேட்டது என்ன என்பதை அன்று காலையில்தான் சிந்தித்துப் பார்த்தேன். அவர் ஆண்டவருடைய முகத்தைக் காணக் கேட்கவில்லை; குரலைக் கேட்க விரும்பவில்லை. ஆணியடிபட்ட கைகளையும் ஈட்டி பாய்ந்த விலாவையும் தொட்டுப் பார்க்கவே கேட்டார். உரோமைப் படைவீரர் தம் கைதியின் உடலில் செய்த சித்திரவதையின் வடுக்கள் அவை. உயிர்த்தெழுந்த மாட்சியிலும் ஆண்டவர் அவ்வடுக்களை மறைத்துக்கொள்ளவில்லை. அவற்றைக் கண்டுதான் நம் அப்போஸ்தலர் தம் கடவுளை அடையாளம் கண்டார். இவ்வாறிருக்க, வதைக்கப்பட்ட உடலைக் கண்டு முகந்திருப்பிக்கொள்ள நமக்கு, அதுவும் தோமையாரின் ஊராராகிய நமக்கு, உரிமை ஏது?

இதே சாந்தோமில் நாம் நாணத்தோடு நினைக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1642 ஆம் ஆண்டு எஃப்ராயீம் என்னும் பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி சென்னைக்கு வந்தார். ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டையில் தங்கிக் கத்தோலிக்கருக்கு ஆலயமும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் அமைத்தார். போர்த்துக்கீசியரின் அதிகாரத்துக்கு உட்படாத குருவாக அவர் பணியாற்றியது சாந்தோமில் இருந்தோர்க்குப் பிடிக்கவில்லை. 1649 இல் அவரைச் சாந்தோமுக்கு வரவழைத்துப் பிடித்துக் கோவாவிலிருந்த சமய விசாரணை மன்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுச் சிறைக்குப் பின்னரே அவர் விடுபட்டார். அவரோ சினங்கொண்டு நாடு திரும்பாமல் மீண்டும் சென்னைக்கே வந்து, முதுமைவரை இங்கேயே ஆன்மப்பணி புரிந்தார்.

1560 இல் தோன்றி 1812 வரை நீடித்த அம்மன்றம், வாக்குமூலம் பெறுவதற்கு உடல் வதையைக் கையாண்ட மன்றம். திருச்சபையின் வரலாற்றில் இது ஒரு தனி நிகழ்ச்சியன்று. 866 ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ், பல்கேரிய மக்களுக்கு எழுதிய மடலில், திருடன் என்று ஐயுறப்பட்டவனை அடித்து ஒப்புக்கொள்ளச் செய்யும் வழக்கத்தை வன்மையாகக் கண்டித்தார். குற்றமற்றவன் வலி தாளாமல் பொய்யாக ஒப்புக்கொண்டால் அப்பாவம் யாரைச் சாரும் என்று அவர் கேட்டார். ஒப்புதல் என்பது மனமுவந்து வரவேண்டும் என்பது அவரது போதனை. ஆயினும் 1252 இல் திருத்தந்தை நான்காம் இன்னசெந்து, தப்பறை கொண்டோரை வதைத்து விசாரிக்க அதிகாரிகளுக்கு இசைவு தந்தார். ஒரேயொரு நிபந்தனை விதித்தார்: உறுப்பு முறியக் கூடாது, உயிருக்கு ஆபத்து நேரக் கூடாது. அளவோடு செய்தால் தீமை தீமையாகாது என்று நம்பிய அந்த ஒரு வரி எத்தனை நூற்றாண்டுத் துயருக்கு வாயில் திறந்துவிட்டது!

இதைக் கூறுவது திருச்சபையைக் குறைகூறுவதற்கன்று. திருச்சபையே இதை ஒப்புக்கொண்டுள்ளது. 1992 இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல், முற்காலத்தில் அரசுகள் இத்தகைய கொடுமைகளைச் செய்தபோது ஆயர்கள் பலவேளைகளில் எதிர்க்கவில்லை என்றும், தம் சொந்த நீதிமன்றங்களிலேயே அவற்றை ஏற்றுக்கொண்டார்கள் என்றும் வெளிப்படையாகக் கூறுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில், உடலையும் உள்ளத்தையும் வதைப்பதைக் கொலையோடும் அடிமைத்தனத்தோடும் சேர்த்தெண்ணியது. இக்கொடுமைகள் அவற்றுக்கு ஆளானவரைவிட அவற்றைச் செய்தவரையே அதிகம் மாசுபடுத்துகின்றன என்றும் சங்கம் எடுத்துரைத்தது. 1993 இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அறநெறி குறித்து எழுதிய சுற்றுமடல், எக்காரணத்தாலும் நியாயப்படுத்த இயலாத தன்னியல்புத் தீமைகளின் வரிசையில் சித்திரவதையை வைத்தது. இன்று நம் போதனையில் ஐயத்துக்கு இடமில்லை. நம் வாழ்க்கையில் இருக்கிறதா என்பதே கேள்வி.

கடற்கரைச் சாலையில்

சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து கலங்கரை விளக்கத்தைக் கடந்து காமராசர் சாலையில் வடக்கு நோக்கி நடந்தேன். மீன் வலைகளை உலர்த்திக்கொண்டிருந்தவர்களின் பேச்சொலி காற்றில் கரைந்து வந்தது. காந்தி சிலையருகே மேற்கே திரும்பும் சாலைதான் டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை. அதன் கடலோர முனையில், வரிசைத் தூண்களோடு கடலைப் பார்த்து நிற்கிறது தமிழ்நாடு காவல்துறைத் தலைமை அலுவலகம். 1839 இல் பிரீமேசன் சங்கத்தாருக்காக எழுந்த இக்கட்டடம், 1865 முதல் காவல்துறையின் இருப்பிடமாக உள்ளது.

என்னை அங்கே நிறுத்தியது கட்டடத்தின் அழகன்று. அச்சாலையின் பழைய பெயர். முதியோர் பலர் இன்னும் அதை எட்வர்ட் எலியட்ஸ் சாலை என்றே சொல்லக் கேட்கலாம். எட்வர்ட் எலியட் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை நகரின் தலைமை நீதிபதியாகவும் காவல் கண்காணிப்பாளராகவும் இருந்தவர். நாம் மாலைதோறும் காற்று வாங்கச் செல்லும் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையும் அவர் பெயரையே தாங்கியுள்ளது. ஆனால் அவர் பெயர் வரலாற்றில் இடம்பெற்றதற்கு வேறொரு காரணம் உண்டு. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க 1854 இல் அரசு அமைத்த மூவர் குழுவில் அவர் ஒருவர். மற்ற இருவர் ஸ்டோக்ஸ் என்னும் அதிகாரியும், ஜான் புரூஸ் நார்ட்டன் என்னும் வழக்கறிஞரும் ஆவர்.

அக்குழு பிறந்த கதை அறியத்தக்கது. கசுலு இலட்சுமிநரசு செட்டியார் என்னும் சென்னை வணிகர், 1844 இல் 'கிரசண்ட்' என்னும் இதழைத் தொடங்கியவர். 1852 இல் சென்னை சுதேசிகள் சங்கத்தை நிறுவியவர். கிறித்தவ மறைபரப்பாளருக்கு அரசு துணைபோவதைக் கடுமையாக எதிர்த்தவரும் அவரே. டான்பி சேமூர் என்னும் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் 1853 இல் இங்கு வந்தபோது, செட்டியார் அவரை நாட்டுப்புறங்களுக்கு அழைத்துச் சென்று, வரி கொடுக்க முடியாத உழவர் படும் பாட்டை நேரில் காட்டினார். சேமூர் ஊர் திரும்பி 1854 இல் நாடாளுமன்றத்தில் அதை எழுப்பினார். அரசு வேறு வழியின்றி விசாரணைக்கு இசைந்தது. வதைபட்ட உழவனின் கண்ணீரைக் கடல்கடந்து கொண்டு சேர்த்தவர் நம் சமயத்தவரல்லர். நம் மறைபரப்பாளரை எதிர்த்தவர். எரிக்கோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு அருகே நின்று உதவியவன் யார் என்பதை நாம் மறவாதிருப்போமாக.

குழுவினர் சென்னையில் அமர்ந்து முறையீடுகளைக் கேட்டனர். 519 பேர் நேரில் வந்தனர். 1,440 முறையீடுகள் கடிதம் வழியே வந்தன. இரயில் இல்லாத காலத்தில், கால் தேய நடந்து வந்தவர்கள் அவர்கள். 1855 ஏப்ரலில் அளித்த அறிக்கையில் குழுவினர் பதிவு செய்த கொடுமைகளில் இரண்டுக்குத் தமிழ்ப் பெயர்களே ஆங்கில அறிக்கையிலும் நிலைத்துவிட்டன. ஒன்று கிட்டி: இரண்டு கட்டைகளுக்கிடையே விரல்களையோ கையையோ வைத்து நெரிப்பது. மற்றொன்று அண்ணாந்தாள்: ஒருவனை அவனது துணியாலேயே உடல் வளையக் கட்டி, வெயிலில் அசையாது நிறுத்தி வைப்பது. முதுகில் கல்லேற்றுவது, உணவின்றி அடைத்து வைப்பது, கண்ணில் மிளகாய் இடுவது ஆகியனவும் அவ்வறிக்கையில் உள்ளன. இவற்றிற் பெரும்பாலானவை கொலைகாரரைப் பிடிப்பதற்காக நடந்தவையல்ல. சில ரூபாய் வரிப்பாக்கிக்காக நடந்தவை. வரி தண்டுவதும் குற்றம் விசாரிப்பதும் ஒரே அலுவலர் கையில் இருந்தமையால், முறையிட வேண்டிய இடமும் அடித்த இடமும் ஒன்றாகவே இருந்தன.

அறிக்கை வதையை உறுதிப்படுத்தியது. ஆனால் ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை என்று விடுவித்துவிட்டது. அடித்தவர்கள் நாட்டுச் சேவகர்கள், ஆகவே குற்றமும் அவர்களுடையதே என்பது அதன் போக்கு. அடித்த கை சேவகனுடையது என்பது மெய்தான். வசூலான பணம் யார் கருவூலத்தைச் சேர்ந்தது? குறித்த நாளில் குறித்த தொகை வேண்டும் என்று ஓலை அனுப்பியவர் யார்? அது எவ்வாறு வந்தது என்று ஒருநாளேனும் கேளாதிருந்தவர் யார்? 1857 இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் இவ்வறிக்கையை எடுத்துக்காட்டி எழுதியபோது, ஆண்டவர்களின் பொறுப்பைத்தான் சுட்டினார்.

இதன் விளைவுகளில் ஒன்றாக, 1859 ஆம் ஆண்டுச் சென்னைக் காவல் சட்டம் பிறந்தது. வரித்துறையிலிருந்து காவல்துறை தனியே பிரிக்கப்பட்டது. எலியட்டின் பெயர் தாங்கிய சாலையின் முனையிலேயே அத்துறையின் தலைமையகம் அமைந்தது தற்செயலே. ஆயினும் அத்தூண்களைப் பார்க்கும்போது, இத்துறை சித்திரவதையை ஒழிக்கும் நோக்கோடும் பிறந்தது என்ற நினைவு வராமற் போகவில்லை.

காட்டுக்கோயில் நிழலில்

வெயில் ஏறிவிட்டது. லஸ் பகுதியிலுள்ள பிரகாச மாதா ஆலயத்தை அடைந்தேன். 1516 என்ற ஆண்டைத் தாங்கிய இப்பழம்பேர் ஆலயத்தை மயிலாப்பூர் மக்கள் காட்டுக்கோயில் என்றே அழைப்பர். அங்கே காவல்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரைச் சந்திப்பதென முன்பே ஏற்பாடு. மோரைப் பகிர்ந்துகொண்டு மரநிழலில் அமர்ந்தோம். வெகுநாள் கேட்க எண்ணியதைக் கேட்டேன்.

"சார், அடித்தால் உண்மை வருமா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "அடித்தால் பேச்சு வரும், சார். அடி நிற்பதற்கு எது வேண்டுமோ அந்தப் பேச்சு வரும். அதில் உண்மை எது என்று கண்டுபிடிக்க, மறுபடியும் சரியான விசாரணைதான் செய்ய வேண்டும். அதை முதலிலேயே செய்திருக்கலாம்."

"ஊரையே அழிக்கக் குண்டு வைத்தவன் கையில் சிக்கினால்? அவனையும் அன்பாகவா கேட்பது?"

"என் பணிக்காலத்தில் குண்டு வைத்தவன் ஒருவனையும் நான் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் சைக்கிள் திருட்டு, கைச்சண்டை, வீட்டு வேலைக்காரி, கூலியாள். ஆயிரத்தில் ஒருவனுக்காக என்று சொல்லித் திறக்கிற கதவு வழியே இவர்கள்தான் உள்ளே கொண்டுபோகப்படுகிறார்கள். இன்னொன்று சொல்லட்டுமா? அடிக்கச் சொல்லி எங்களைத் தூண்டுபவர்களில் பாதிப்பேர் மரியாதையான குடும்பத்தார். 'நீங்கள் விசாரிக்கிற முறையில் விசாரியுங்கள்' என்பார்கள். அடி என்ற சொல் அவர்கள் வாயில் வராது."

நான் தலைகுனிந்தேன். அவருக்கு என் கதை தெரியாது.

சட்டத்தையும் அவரே விளக்கினார். காவல் அலுவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்க முடியாது. 1872 ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இவ்விதி, 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது. ஆனால் காவலில் உள்ளவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்குரிய அளவுக்கு மட்டும் அப்பேச்சு ஏற்கப்படும். இச்சிறு வாயிலே நகைத் திருட்டு வழக்குகளில் பெரும் ஆபத்தாகிறது. "பொருள் எங்கே?" என்ற கேள்விக்கு விடை வந்தே ஆகவேண்டும் என்ற வெறி அங்கேதான் பிறக்கிறது.

1996 இல் உச்சநீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் விதித்த நெறிகளையும் அவர் விரல்விட்டு எண்ணினார். கைது செய்யும்போது குறிப்பு எழுதிச் சாட்சி கையொப்பம் பெற வேண்டும். உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். காவலில் உள்ளவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும். வழக்கறிஞரைச் சந்திக்க இசைவு தர வேண்டும். சாட்சியாக விசாரிக்கப்படும் பெண்ணை நிலையத்துக்கு வரச்சொல்லக் கூடாது. அவர் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்பதும் சட்டம். "இத்தனையும் ஏட்டில் இருந்த நாட்டில்தான், 2020 சூன் மாதத்தில், கடையை நேரங்கடந்து திறந்து வைத்தார்கள் என்ற காரணங்காட்டிச் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்னும் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் அடிபட்டு மாண்டார்கள்," என்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "அதே நிலையத்தில் பணியிலிருந்த தலைமைக் காவலர் பெண்மணி ஒருவர் நடந்ததைச் சாட்சியாகச் சொன்னாரே, அவரால்தான் எங்கள் சீருடையின் மானம் கொஞ்சமாவது மிஞ்சியது."

அடையாற்றுப் பாலத்தில்

நார்ட்டன் என்ற பெயரைத் தாங்கிய மந்தைவெளித் தெருக்களைக் கடந்து பசுமைவழிச் சாலைக்கு வந்தேன். பி.எஸ். குமாரசாமி ராஜா சாலை என்பது அதன் இன்றைய பெயர். மாநில மனித உரிமை ஆணையம் இங்கேதான் உள்ளது. 1997 ஏப்ரலில் தொடங்கிய இவ்வாணையத்திடம் எவரும் கட்டணமின்றித் தமிழிலேயே முறையிடலாம். நிகழ்ச்சி நடந்து ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். 1855 இல் நூற்றுக்கணக்கான கல் நடந்து வந்தவர்களுக்கு இல்லாத வாய்ப்பு இது. அதே 1997 அக்டோபரில், சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிட்டது. ஆயினும் அதை ஏற்றுறுதி செய்வது இன்றுவரை நிறைவேறவில்லை.

அங்கிருந்து அடையாற்றுப் பாலம். பாலத்தின் நடுவில் நின்றேன். என் கதையைச் சொல்ல வேண்டிய இடம் இதுவே. ஏனெனில் அப்பெண் குடியிருந்தது இவ்வாற்றங்கரையில்.

ஆண்டுகள் பல ஆயின. என் மகளின் திருமணத்துக்கென உஸ்மான் சாலையில் வாங்கிய ஐந்து பவுன் சங்கிலி ஒருநாள் காணவில்லை. வீடெங்கும் தேடினோம். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் வந்துகொண்டிருந்த பெண்மீது ஐயம் விழுந்தது. ஐயத்துக்குக் காரணம் என்ன? அவள் ஏழை என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் மூலம் காவல் நிலையம் ஒன்றில் சொல்லி வைத்தேன். 'நல்ல பெண்தான், கொஞ்சம் மிரட்டிக் கேட்டால் சொல்லிவிடுவாள்' என்றேன். கொஞ்சம் என்ற சொல்லை நான் இரண்டுமுறை சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. 1252 ஆம் ஆண்டின் நிபந்தனையும் அந்தக் 'கொஞ்சம்' தானே?

அவளை நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். நான் உள்ளே போகவில்லை. எதிரேயிருந்த தேநீர்க் கடையில் நின்றேன். சாலையில் வண்டிகளின் ஓசை இருந்தது. அதையும் மீறி வந்த குரல் என் காதில் விழுந்தது. தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டேன். மாலையில் அவளை விட்டுவிட்டார்கள். இரண்டு நாள் அவளால் பாதத்தை ஊன்ற முடியவில்லை என்று பின்னர் அறிந்தேன்.

பதினைந்தாம் நாள், பீரோவின் அடித்தட்டில் மடித்து வைத்திருந்த கூறைப் புடவையின் மடிப்பிலிருந்து சங்கிலி விழுந்தது. என் மனைவி தரையில் உட்கார்ந்து அழுதாள். பணத்தை எடுத்துக்கொண்டு இருவரும் ஆற்றங்கரைக்குச் சென்றோம். அப்பெண் குடிசை வாயிலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் கொடுத்ததை எண்ணினாள். தனக்கு வரவேண்டிய அந்த மாதச் சம்பளத்தை மட்டும் எடுத்து முடிந்துகொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மன்னிச்சிடும்மா, எனக்குத் தெரியாமப் போச்சு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தெரியாம என்னங்க ஐயா? நீங்க வெளியிலதான நின்னீங்க" என்றாள். அவ்வளவே. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சில ஆண்டுகளில் அக்குடிசைகளும் அங்கிருந்து அகற்றப்பட்டன. அவள் எங்கிருக்கிறாள் என்று விசாரித்து அலைந்தேன், கண்டுபிடிக்க இயலவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் இதை அறிக்கையிட்டேன். குரு எனக்கு மன்னிப்பு வழங்கினார். ஆனால் அவள் சொன்ன சொல்லுக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை.

கடற்கரையில் மாலை

பெசன்ட் நகரை அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. எலியட்ஸ் கடற்கரையில் குழந்தைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தனர். சோளம் சுடும் மணம். மணலில் வெண்ணிறத்தில் நிற்கும் நினைவு மண்டபத்தை அனைவரும் அறிவர். அது எலியட்டுக்காக எழுந்ததன்று. 1930 டிசம்பரில் இக்கடலில் மூழ்கியோரைக் காக்கப் பாய்ந்து தன் உயிரை இழந்த ஷ்மிட் என்னும் டென்மார்க்கு நாட்டு மாலுமியின் நினைவாக எழுந்தது. அவன் கரையில் நின்று பார்த்திருந்தால் எவரும் அவனைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மண்டபமும் இருந்திராது.

அதன் நிழலில் அமர்ந்தபோது நற்செய்தியின் ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. ஆண்டவரைப் பிலாத்துவிடம் கொண்டுவந்தவர்கள் ஆளுநர் மாளிகைக்குள் நுழையவில்லை. பாஸ்கா உண்ணுமுன் தீட்டுப்பட்டுவிடுவோம் என்று வெளியிலேயே நின்றார்கள். உள்ளே கசையடி நடந்தது. வெளியே அவர்கள் தூய்மையாக நின்றார்கள். பிலாத்துவும் முதலில் கொல்ல நினைக்கவில்லை. கொஞ்சம் தண்டித்து விட்டுவிடலாம் என்றுதான் கருதினான். புனித சின்னப்பரையும் எருசலேமில் படைத்தலைவன், மக்கள் ஏன் கூச்சலிடுகிறார்கள் என்பதை அறியச் சாட்டையால் அடித்து விசாரிக்கக் கட்டளையிட்டான். சின்னப்பர் உரோமைக் குடிமகன் என்று தெரிந்ததும் அஞ்சி விலகினான். குடியுரிமை இல்லாத ஒருவராயிருந்தால்? அவருக்காக யார் அஞ்சியிருப்பார்கள்?

வேளாங்கண்ணி அன்னை ஆலயத்தில் மணி ஒலித்தது. சிலுவைப்பாதைக்கு மக்கள் திரண்டிருந்தார்கள். ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிட்டு எழுந்தோம். அடிபட்ட ஆண்டவருக்காகக் கண்ணீர் விடும் நாம், அவரைப்போல் அடிபடும் ஏழையை ஐயப்படுவதில் எவ்வளவு விரைந்து விடுகிறோம் என்று எண்ணினேன். தூய அன்னையும் அன்பின் சீடரும் சிலுவையின் அடியில் நின்றார்கள். அவர்களால் ஆணியைப் பிடுங்க முடியவில்லை. ஆயினும் தள்ளிப் போய் நிற்கவில்லை.

அன்புக் குடும்பத்தினரே, நம்மில் ஒருவரும் கிட்டியைக் கையிலெடுக்கப் போவதில்லை. ஆனால் நம் வீட்டில் ஒரு பொருள் காணாமற்போகும் நாள் வரலாம். அன்று புகார் எழுதுங்கள். அதில் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். ஐயத்தை ஏழையின் தலையில் சுமத்தாதீர்கள். விசாரிப்பவரிடம், "இவர்மேல் கை வைக்கக் கூடாது, பெண்ணாயிருந்தால் வீட்டில் வைத்தே கேளுங்கள், நானும் உடனிருக்கிறேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அச்சொற்களைச் சொல்வதற்குப் பெரிய வீரம் வேண்டியதில்லை. சாலையைக் கடந்து உள்ளே போக வேண்டும். அவ்வளவுதான். அன்று நான் கடக்காத அந்தச் சாலையின் அகலம் இருபது அடிகூட இராது.

சிலுவைப்பாதை முடிந்து வீடு திரும்பியபோது இரவு எட்டு மணி. மனைவி வெந்நீர் வைத்து என் காலைக் கழுவினாள். பாதங்கள் வீங்கியிருந்தன. இருவரும் அதைப் பார்த்தோம். இருவர் நினைவிலும் வந்தவள் ஒருத்தியே. அவள் எங்கிருந்தாலும் ஆண்டவர் அவளைக் காப்பாராக. அவள் முன் நின்று மீண்டும் ஒருமுறை மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பை எனக்கு அருள்வாராக.